அக்கா மகனின் கோஷே நோயும் அப்பாவின் பார்க்கின்சனும்: ஒரே மரபணு என்றால் ஒரே காரணமா?

உங்கள் கேள்வியை என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். ஏனெனில் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. உங்கள் அக்காவைத் தாய்மாமனுக்கே கட்டிக்கொடுத்தார்கள். அவர்களுடைய ஏழு வயது மகனுக்கு வயிறு வீங்கி, இரத்தத் தட்டணுக்கள் குறைந்து, பல மாத அலைச்சலுக்குப் பிறகு கோஷே நோய் என்று தெரியவந்தது. மரபணு அறிக்கையில் எல்444பி என்ற பிறழ்வு இரண்டு பிரதிகளிலும் இருப்பதாக எழுதியிருக்கிறது. போன மாதம் உங்கள் அப்பாவுக்கு, 63 வயதில், பார்க்கின்சன் நோய் என்று மருத்துவர் சொன்னார். இரண்டு நோய்க்கும் ஒரே மரபணுதான் காரணம் என்று எங்கோ படித்துவிட்டு, அப்பாவிடமிருந்துதான் குழந்தைக்கு வந்ததா, எனக்கும் நடுக்கம் வருமா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், கேள்வியாகக்கூட இல்லாமல், உங்களுக்குச் சின்ன மாமா மகளைப் பேசிக்கொண்டிருப்பதாக ஒரு தகவல். அவசரமான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். முன்னுரை இல்லாமல் அதைச் சொன்னால் பயம்தான் மிஞ்சும் என்பதால் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

நான் நரம்பியல் மருத்துவர் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் லைசோசோம் நொதிகளை அளக்கும் ஆய்வகங்களில் வேலை பார்த்தவன். அப்பாவுக்கு எந்த மாத்திரை, எத்தனை வேளை என்பதில் நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் உங்கள் அக்கா மகனுக்குச் செய்தது போன்ற சோதனையை ஆயிரக்கணக்கில் செய்திருக்கிறேன். இரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து உடைத்து, ஒரு செயற்கைச் சர்க்கரைப் பொருளோடு கலந்து, உடல் சூட்டில் வைப்போம். நொதி இருந்தால் அந்தப் பொருளை வெட்டும். வெட்டுண்ட துண்டு புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும். வரிசையாக நிற்கும் குழாய்களில் ஒன்று மட்டும் மங்கிக் கிடந்தால், கருவி எண் சொல்வதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடும். அந்த மங்கிய குழாய்க்குப் பின்னால் ஒரு குழந்தையின் பெயர் ஒட்டியிருக்கும்.

லைசோசோம் என்பது நம் உயிரணுக்களுக்குள் இருக்கும் அமிலப் பை. 1955இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் டி டூவ் அதை அடையாளம் கண்டார். 1974இல் நோபல் பரிசும் பெற்றார். அதைக் குப்பைத் தொட்டி என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு எருக்குழி என்று சொல்லத்தான் பிடிக்கும். வீட்டுக் கழிவெல்லாம் அதில் விழுகிறது, மக்குகிறது, எருவாகித் திரும்ப வயலுக்குப் போகிறது. மக்க வைக்கும் வேலையைச் செய்பவை ஐம்பதுக்கும் மேற்பட்ட நொதிகள். அவற்றில் ஒன்று பழுதானால் அது வெட்ட வேண்டிய பொருள் மட்டும் மக்காமல் தேங்கும். இப்படித் தேங்குவதால் வரும் பரம்பரை நோய்கள்தான் லைசோசோம் சேமிப்பு நோய்கள். கோஷே அவற்றில் ஒன்று. நம் ஊர் அறிக்கைகளில் கௌச்சர் என்றுதான் படிக்கிறார்கள்; 1882இல் அதை முதலில் விவரித்த பிலிப் கோஷே பிரெஞ்சுக்காரர். குளுக்கோசெரிப்ரோசைடேஸ் என்ற நொதி குறைவதே காரணம் என்று 1965இல் அமெரிக்காவில் ராஸ்கோ பிராடி குழு காட்டியது. அந்த நொதியை எழுதி வைத்திருக்கும் மரபணுவின் பெயர் ஜிபிஏ1. அப்பாவின் நோயோடு சேர்த்து நீங்கள் படித்த பெயரும் அதுவே.

இந்தத் தொடர்பு ஆய்வகத்தில் பிறந்ததல்ல, நோயாளிகளைக் கூர்ந்து பார்த்தவர்களிடமிருந்து வந்தது. 1990களில் கோஷே நோயாளிகள் சிலருக்கு நடுத்தர வயதிலேயே பார்க்கின்சன் வருவதை மருத்துவர்கள் குறித்து வைத்தார்கள். பிறகு அவர்களின் குடும்பங்களைத் துருவினால், கோஷே இல்லாத, ஒரு பிரதியில் மட்டும் பிறழ்வு உள்ள தாத்தா, பெரியப்பா, அத்தை வரிசையிலும் நடுக்கம் தென்பட்டது. ஒரு பிரதி மட்டும் பழுதானவர்களை நாங்கள் சுமப்பவர்கள் என்போம். அதுவரை அவர்களுக்கு ஒன்றுமே ஆகாது என்றுதான் பாடப் புத்தகம் சொல்லிக்கொண்டிருந்தது. 2004இல் இஸ்ரேலின் ஹைஃபாவில், கிழக்கு ஐரோப்பிய யூத வம்சத்தைச் சேர்ந்த 99 பார்க்கின்சன் நோயாளிகளில் 31 பேரிடம் ஜிபிஏ1 பிறழ்வு இருந்தது. அந்தச் சமூகத்தில் இந்தப் பிறழ்வு பொதுவாகவே அதிகம். ஆனாலும் மூன்றில் ஒரு பங்கு என்பது அந்த அளவை மீறியது. 2009இல் எலன் சிட்ரான்ஸ்கி தலைமையில் 16 மையங்கள் சேர்ந்து 5,691 நோயாளிகளையும் 4,898 பிறரையும் ஒப்பிட்டன. நோயாளிகளிடம் பிறழ்வு இருப்பதற்கான விகிதம் மற்றவர்களைவிட ஐந்து மடங்குக்குச் சற்று மேல். அன்றிலிருந்து இது விவாதத்துக்குரியதாக இல்லை. பார்க்கின்சனுக்கு இன்று அறியப்பட்ட மரபணுக் காரணிகளில் பரவலானது இதுதான்.

ஐந்து மடங்கு என்றதும் நெஞ்சு படபடக்கும். எதன் ஐந்து மடங்கு என்று பார்க்க வேண்டும். சாதாரண மனிதர் ஒருவருக்கு வாழ்நாளில் பார்க்கின்சன் வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்று, இரண்டு. சுமப்பவருக்கு எண்பது வயதுக்குள் எவ்வளவு என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை: நூற்றுக்கு எட்டு என்கிறது ஒன்று, பதினைந்து என்கிறது இன்னொன்று, முப்பது என்கிறது மற்றொன்று. முப்பது சொன்ன பிரெஞ்சு ஆய்வு, ஏற்கெனவே பலருக்குப் பார்க்கின்சன் இருந்த குடும்பங்களில் நடந்தது. எட்டு சொன்னது கோஷே நோயாளிகளின் பெற்றோர், உறவினர் வழியாக எண்ணியது. எங்கே நின்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. உங்கள் குடும்பம் கோஷே வழியாக இந்தக் கதைக்குள் வந்தது என்பதால் சிறிய எண்ணின் பக்கம்தான் நான் சாய்வேன். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. எல்லாப் பிறழ்வுகளும் ஒன்றல்ல. யூதர்களிடம் அதிகம் காணப்படும் என்370எஸ் மிதமானது, எல்444பி கடுமையானது. கடுமையான பிறழ்வைச் சுமப்பவர்களுக்குப் பார்க்கின்சன் ஆபத்தும் மிதமானதைவிடக் கூடுதல். இந்தியக் கோஷே குழந்தைகளிடம் மிகுதியாகக் கிடைப்பது எல்444பிதான். அப்படிப் பார்த்தாலும் சுமப்பவர்களில் பெரும்பாலோருக்குப் பார்க்கின்சன் வருவதே இல்லை.

இப்போது உங்கள் அப்பா. ஒரு தாளை எடுத்து வம்ச வரைபடம் போடுங்கள். நான் உங்கள் கேள்வியைப் படித்தவுடன் செய்தது அதைத்தான். பையனிடம் ஒரே பிறழ்வு இரண்டு பிரதிகளிலும் இருக்கிறது. ஒன்று அக்கா கொடுத்தது, மற்றொன்று அவருடைய கணவர், அதாவது உங்கள் தாய்மாமன் கொடுத்தது. மாமனுக்கு அது உங்கள் அம்மாவைப் பெற்ற தாத்தாவிடமிருந்தோ பாட்டியிடமிருந்தோ வந்திருக்கும். அதே தாத்தா பாட்டியிடமிருந்து உங்கள் அம்மாவுக்கும், அம்மாவிடமிருந்து அக்காவுக்கும் வந்திருப்பதுதான் இயல்பான வழி. இந்த வரைபடத்தில் உங்கள் அப்பா ஓரமாக நிற்கிறார்! குழந்தையின் நோயை அவர் தலையில் ஏற்ற ஆதாரம் எதுவும் இல்லை. 63 வயதில் பார்க்கின்சன் வருவது துரதிர்ஷ்டம், ஆனால் அபூர்வம் இல்லை. அந்த வயதில் எவருக்கும் வருவதுபோல அவருக்கும் வந்திருக்கலாம். அக்காவுக்குப் பிறழ்வு அப்பாவிடமிருந்து வந்திருக்கவே முடியாது என்று சொல்ல மாட்டேன். எல்444பி தனித்தனிக் குடும்பங்களில் தானாகவே தோன்றக்கூடிய பிறழ்வு. அதோடு, உங்கள் அம்மாவும் அப்பாவும் முன்பே சொந்தமா என்று நீங்கள் எழுதவில்லை. அப்பா அம்மாவுக்கு அத்தை மகன் என்றால் கணக்கு வேறாகிவிடும். அப்பாவின் இரத்தத்தில் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் இது முடிவாகும். முடிவு எதுவானாலும் இன்றைக்கு அவர் சாப்பிடும் மருந்து அதனால் மாறாது. ஜிபிஏ1 சார்ந்த பார்க்கின்சன் சராசரியாகச் சில ஆண்டுகள் முன்பே தொடங்குகிறது, நினைவுத் தடுமாற்றமும் அதில் கூடுதல் என்பது பல ஆய்வுகளில் உறுதியானது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று தீர்மானிக்க வேண்டியவர் அப்பா.

குழந்தைப் பருவத்து மண்ணீரல் வீக்கத்துக்கும் முதுமையின் கை நடுக்கத்துக்கும் என்னதான் சம்பந்தம்? பார்க்கின்சன் மூளைகளில் ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் கட்டிகட்டியாகத் திரண்டிருக்கும். 1912இல் ஃபிரெட்ரிக் லூயி பார்த்து எழுதிய அந்தத் திரள்களுக்குள் இருப்பது இந்தப் புரதம் என்று 1997இல்தான் தெரிந்தது. மிஞ்சிய சைனூக்ளினை அப்புறப்படுத்தும் வழிகளில் முக்கியமானது லைசோசோம். குளுக்கோசெரிப்ரோசைடேஸ் குறைந்தால் அது வெட்ட வேண்டிய கொழுப்பு தேங்கும். தேங்கிய கொழுப்பு சைனூக்ளினைத் திரளச் செய்யும். திரண்ட சைனூக்ளின், புதிதாகத் தயாராகும் நொதி லைசோசோமுக்குப் போய்ச் சேரும் பாதையை மறிக்கும். நொதி இன்னும் குறையும். 2011இல் வெளியான ஓர் ஆய்வு இந்தச் சுழலை உயிரணுக்களில் காட்டியது. பிறழ்வே இல்லாத பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையிலும் இந்த நொதி குறைந்திருப்பது இதற்கு வலுச் சேர்க்கிறது. நரம்பணுவுக்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. மற்ற உயிரணுக்கள் இரண்டாகப் பிரியும்போது தேக்கமும் பாதியாகும். நரம்பணு பிரிவதில்லை, இருபது வயதில் மக்காததோடு எழுபது வயது வரை குடித்தனம் நடத்த வேண்டும்.

கேட்க அழகான கதை. அழகாக இருப்பதாலேயே நான் அதை முழுதாக நம்புவதில்லை. நொதி அறவே குறைந்த கோஷே நோயாளிக்கும், பாதி மட்டும் குறைந்த சுமப்பவருக்கும் பார்க்கின்சன் ஆபத்து பெரிதாக வேறுபடவில்லை. கொழுப்புத் தேக்கம் மட்டுமே காரணம் என்றால் வேறுபட வேண்டுமே? இன்னும் பலமான அடி வெங்லுஸ்டாட் என்ற மருந்திடமிருந்து வந்தது. அந்தக் கொழுப்பு உற்பத்தியாவதையே குறைக்கும் மருந்து அது. ஜிபிஏ1 பிறழ்வுள்ள பார்க்கின்சன் நோயாளிகள் 221 பேரிடம் சோதித்தார்கள். கொழுப்பு எதிர்பார்த்தபடி இறங்கியது, நோய் இறங்கவில்லை. மருந்து உண்டவர்கள் சற்று மோசமாகவே இருந்ததால் 2021இல் நிறுத்திவிட்டார்கள். ஆகவே கொழுப்பு ஒரு பக்கம் இருக்க, வளைந்து உருக்குலைந்த நொதிப் புரதமே உயிரணுவுக்குள் சிக்கித் தொல்லை கொடுக்கிறது என்ற இன்னொரு விளக்கமும் களத்தில் இருக்கிறது. தொடர்பு உறுதி, வழி இன்னும் உறுதியில்லை. அக்கா மகனுக்குப் போடும் நொதி ஊசியை அப்பாவுக்கும் போடலாமா என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். அந்த நொதி பெரிய புரதம். இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது.

இங்கே ஆடாதோடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆடாதோடை இலையில் உள்ள வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாக வைத்துச் செய்ததுதான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்து. அது உடலுக்குள் போய் மாறும் வடிவம் அம்ப்ராக்சால். 2009இல் கனடாவில், ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த ஆயிரத்துச் சொச்சம் மருந்துகளை வரிசையாகச் சலித்தபோது, உருக்குலைந்த குளுக்கோசெரிப்ரோசைடேஸைத் தாங்கிப் பிடித்து லைசோசோம் வரை கொண்டுசேர்க்கும் குணம் அம்ப்ராக்சாலுக்கு இருப்பது தெரிந்தது. லண்டனில் 17 பார்க்கின்சன் நோயாளிகளிடம் சோதித்து, மருந்து மூளைத் தண்டுவடத் திரவம் வரை போகிறது என்று 2020இல் எழுதினார்கள். கனடாவில் பார்க்கின்சன் மறதி நோய் உள்ள 55 பேரிடம் ஓராண்டு நடந்த சோதனையின் முடிவு 2025இல் வந்தது: பாதுகாப்பாக இருந்தது, ஆனால் நினைவாற்றலின் முக்கிய அளவுகளில் வேறுபாடு இல்லை. பிரிட்டனில் 330 பேருக்கான மூன்றாம் கட்டச் சோதனை திட்டமிடப்பட்டது. தெளிவான பதில் அதிலிருந்துதான் வர வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக் கடைக்கு ஓடிவிடக் கூடாது. லண்டன் சோதனையின் அளவு ஒரு நாளைக்கு 1,260 மில்லிகிராம். சளிக்குக் கொடுப்பது 90 போல. நம் கடைகளில் கிடைக்கும் சிரப்புகள் பலவற்றில் அம்ப்ராக்சாலோடு டெர்பியூட்டலின் போன்ற மூச்சுக்குழல் மருந்தும் கலந்திருக்கும். அதன் பக்கவிளைவே கை நடுக்கம். நடுக்கத்துக்கு மருந்து தேடிப் போய் நடுக்கத்தைக் குடித்துவிட்டு வருவதாக முடியும். ஆடாதோடைக் கஷாயம் இருமலுக்கு நல்லது, அதோடு விடுங்கள்.

இது கோஷேவுக்கும் பார்க்கின்சனுக்கும் மட்டுமேயான உறவா என்றால், இல்லை. என்னை அதிகம் உலுக்கிய உதாரணம் புரோகிரானுலின் மரபணு. அதன் ஒரு பிரதி பழுதானால் நடுத்தர வயதுக்கு மேல் நெற்றிப்பக்க மூளை தேயும் மறதி நோய் வரும் என்பது 2006இல் தெரிந்தது. குணம் மாறும், பேச்சு குழறும். 2012இல் இத்தாலிய உடன்பிறப்புகள் இருவரைப் பற்றி ஓர் ஆய்வு வெளியானது. அவர்கள் இருபதுகளிலேயே பார்வை இழந்து, வலிப்பு வந்து, தள்ளாடினார்கள். பார்த்தால் பேட்டன் நோய் வகையைச் சேர்ந்த லைசோசோம் சேமிப்பு நோய். மரபணுவைப் பார்த்தால் அதே புரோகிரானுலின், இரண்டு பிரதியும் பழுது. முதியோர் மருத்துவரும் குழந்தை மருத்துவரும் ஒரே மரபணுவின் இரு முனைகளைத் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நீமன்-பிக் சி என்ற சேமிப்பு நோயில் இளம் வயதில் இறந்தவர்களின் மூளையில் அல்சைமர் நோயில் காண்பது போன்ற டௌ புரத முடிச்சுகள் இருக்கின்றன. 2017இல் 54 சேமிப்பு நோய் மரபணுக்களை ஒன்றாகத் துழாவியபோது, பார்க்கின்சன் நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் சந்தேகத்துக்குரிய மாற்றம் ஒன்றாவது இருந்தது. ஆனால் இதில் கவனம் தேவை. அப்படிப்பட்ட மாற்றங்கள் ஆரோக்கியமானவர்களிடமும் நிறையவே உண்டு. நோயாளிகளிடம் கூடுதல் என்பதுதான் செய்தி. டே-சாக்ஸ் என்ற இன்னொரு சேமிப்பு நோயைச் சுமப்பவர்களை 1970களிலிருந்து பெரிய அளவில் சோதித்துக் கண்டுபிடித்துவருகிறார்கள். அவர்களிடம் பார்க்கின்சன் ஆபத்து இப்படித் தெளிவாகத் தலைகாட்டவில்லை. ஆகவே சேமிப்பு நோய் என்றாலே முதுமையில் மூளை நோய் என்று பொதுவிதி எழுதிவிடக் கூடாது.

சோதனைக்குப் போகும் முன் இரண்டு தொழில் ரகசியங்கள். முதலாவது, நான் மேலே சொன்ன நீல ஒளிச் சோதனை சுமப்பவரைக் கண்டுபிடிக்க உதவாது. சுமப்பவரின் நொதி அளவு பல நேரங்களில் சாதாரண அளவோடு கலந்துவிடும். மரபணுவைத்தான் படிக்க வேண்டும். இரண்டாவது, ஜிபிஏ1க்குப் பக்கத்திலேயே அச்சு அசலாக அதைப் போன்ற, வேலை செய்யாத ஒரு போலி மரபணு இருக்கிறது. அந்தப் போலியில் எல்444பி எழுத்து மாற்றம் இயல்பாகவே உண்டு! இரண்டையும் பிரித்துப் படிக்காத சோதனை, ஆரோக்கியமானவரைச் சுமப்பவர் என்று சொல்லிவிடும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு பெண்ணுக்கு அப்படி அறிக்கை போய், நிச்சயதார்த்தம் வரை தள்ளிப்போய், மறுசோதனையில்தான் தவறு தெரிந்தது. அந்த மறுசோதனையைச் செய்தவர்களில் நானும் ஒருவன். அந்தப் பெண்ணின் தந்தை ஒன்றும் பேசாமல் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது. போலி மரபணுவைத் தவிர்த்துப் படிக்கும் முறையா என்று ஆய்வகத்திடம் கேட்டு வாங்குங்கள். புதிய எண்ணிடும் முறையில் எல்444பியை எல்483பி என்று எழுதுவார்கள். வேறு பிறழ்வு என்று நினைத்துக் குழம்ப வேண்டாம்.

இனி அந்தக் கடைசி வரி. அக்கா சுமப்பவர் என்பதால், பிறழ்வு அம்மா வழியோ அப்பா வழியோ, உங்களிடம் அது இருக்க வாய்ப்பு இரண்டில் ஒன்று. சின்ன மாமாவிடம் இருக்கவும் இரண்டில் ஒன்று. அவர் மகளிடம் இருக்க நான்கில் ஒன்று. இருவருமே சுமப்பவராக இருக்க எட்டில் ஒன்று. அப்படி இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்குக் கோஷே வர நான்கில் ஒன்று. எதையும் சோதிக்காமல் இன்று கணக்குப் போட்டால் 32இல் ஒன்று. அத்தையும் உறவுக்குள் வந்தவர் என்றால் அதற்கும் மேல். சொந்தத்தில் திருமணம் செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்தக் குடும்பத்தில் எந்த மரபணுவின் எந்த எழுத்தைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. இப்படித் தெரிவது அபூர்வம்.

பெண்ணை முதலில் சோதிக்கச் சொல்லாதீர்கள். ஊரில் பேச்சு கிளம்பும். நீங்கள் முதலில் செய்துகொள்ளுங்கள். உங்களிடம் இல்லையென்றால் கோஷே பற்றிய கவலை அங்கேயே தீர்ந்தது, அந்தப் பெண் இரத்தம் கொடுக்க வேண்டியதே இல்லை. உங்களிடம் இருந்தால் அவரிடம் நீங்களே பேசி, இருவருமாக ஒரு மரபணு ஆலோசகரைப் பாருங்கள். ஆனால் இரத்தம் கொடுக்கும் முன் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். குழந்தைக்காகச் செய்யும் இதே சோதனை, உங்கள் எழுபது வயதைப் பற்றியும் ஒரு செய்தியைக் கையில் கொடுத்துவிடும். அதைத் தள்ளிப்போடவோ தடுக்கவோ இன்றைக்கு நிரூபணமான மருந்து எதுவும் இல்லை. தெரிந்த பிறகு தெரியாததாக்க முடியாது. சிலர் அதை இலகுவாக எடுத்துக்கொள்வார்கள். சிலர் ஒவ்வொரு முறை டம்ளர் பிடிக்கும்போதும் கையைப் பார்ப்பார்கள். நீங்கள் எந்த வகை என்பது உங்களுக்குத்தான் தெரியும். பையனின் அறிக்கையின் நகலையும் நீங்கள் போட்ட வம்ச வரைபடத்தையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்; அவை இல்லாமல் போனால் முழு மரபணுவையும் படிக்கச் சொல்லிப் பல மடங்கு பணம் கேட்பார்கள்.